அழிந்தது ஃபோனில் மட்டுமல்ல, அக்கா

நேற்று ஓர் அக்கா, ஃபோனில் அழிந்த படங்களையும் கோப்புகளையும் மீட்டுத் தரும் என் கடைக்கு வந்தார். தென்மராட்சிப் பக்கம். பனாட்டு, ஒடியல் மா, மோர்மிளகாய், எள்ளுப்பாகு செய்து விற்பவர். ஆறு வருடத்துக்கு முன்னர் வீட்டுக் குசினியில் தனியாகத் தொடங்கியவர், இன்று நான்கு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவை கையிலிருந்த ஃபோனும் வட்ஸ்அப்பும், பிறகு தங்கச்சி வீட்டுக்கென்று கனடா போய் நின்ற இரண்டு மாதமும்தான்.

அந்த இரண்டு மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்கார்பரோவில் தமிழ்க்கடை தமிழ்க்கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். பொதிகளை எப்படி அடுக்குகிறார்கள், ஒட்டிய லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் படம் பிடித்திருக்கிறார். கனடாவில் லேபிளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும், எள்ளும் கடுகும் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் அவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பதெல்லாம் அங்கே கடைத்தட்டின் முன்னால் நின்று படித்த பாடம். கடைக்காரர்களின் தொலைபேசி இலக்கம், கேட்ட அளவு, சொன்ன விலை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்திருந்தார். கொப்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது. படங்கள்?

"ஃபோன் நிரம்பிப்போச்சு தம்பி. அதான் பழசுகளை அழிச்சனான். மேல கூகிளுக்குள்ள கிடக்குந்தானே, எடுத்துத் தாங்கோ."

கிடக்கவில்லை. அழித்து ஐந்து மாதமாகிவிட்டது. இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் சொன்னது ஒரே வசனம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து இதை ஆறுதலாக வாசியுங்கள். கூகிள் ஃபோட்டோஸ் என்ற செயலிக்குள் நின்று ஒரு படத்தை அழித்தால் அது ஃபோனிலும் போகும், மேலே கூகிளின் சேமிப்பிலும் போகும். இரண்டும் இரண்டு பெட்டி என்று நினைக்கிறீர்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு யன்னல் என்று நினையுங்கள். இந்த யன்னலால் எடுத்து எறிந்த சாமான் அந்த யன்னலால் பார்த்தால் எப்படி இருக்கும்? மேலே ஏறிய படம் குப்பைக்கூடையில் 60 நாள் கிடக்கும். அதற்குள் வந்தால் நான் தேவையில்லை, நீங்களே மீட்டுவிடலாம். 61ஆம் நாள் வந்தால் என்னாலும் முடியாது. ஃபோனில் இடம் வேண்டுமென்றால் அதே செயலியில் 'இடத்தைக் காலியாக்கு' என்று வேறொரு தெரிவு இருக்கிறது. அது மேலே பத்திரமாக ஏறிய படங்களை மட்டும் பார்த்து, ஃபோனிலிருந்து மட்டும் நீக்கும். குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தாதீர்கள், இதை அழுத்துங்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு அது இரண்டு மாத உழைப்பு.

"ஏதாவது சொஃப்ட்வெயார் போட்டு எடுக்கலாமாமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய ஃபோன்களில் மெமரிச் சிப்பைக் கழற்றி வாசித்த காலம் இருந்தது, நானும் செய்திருக்கிறேன். ஆண்ட்ராய்ட் 10 உடன் வெளிவந்தவை தொடக்கம் உள்ளேயுள்ள எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். சிப்பைக் கழற்றினாலும் கையில் வருவது சாவியில்லாத பூட்டு. முடியும் என்று சொல்லி முற்பணம் வாங்குபவர்களிடம் ஏமாறாதீர்கள்.

அடுத்தது எங்கள் எழுத்தாளர்கள். இவர்களோடு எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுபவர், பன்னிரண்டு வருடமாக எழுதிய சிறுகதைகளை ஒரே பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு பாரிஸுக்கு மகள் வீட்டுக்குப் போனார். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. மருமகன் தன் கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக நிற்கின்றன. வைரஸ் பிடித்துவிட்டது என்று நினைத்து பென்ட்ரைவை ஃபோர்மற் செய்து, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவையும் அதில் ஏற்றிவிட்டார். ஃபோர்மற் செய்தது மட்டுமென்றால் பெரும்பாலும் முழுவதையும் எடுத்திருப்பேன். வீடியோ ஏறிய இடத்தில் இருந்த கதைகள் போனவை போனவைதான். முக்கால்வாசி மீண்டது.

வைரஸும் இல்லை, ஒன்றுமில்லை. பாமினியில் அடித்தால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு உள்ள கணினியில்தான் அது தமிழாகத் தெரியும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே சேர்ந்துவிட்டது. இன்னும் பாமினியில் அடித்துக்கொண்டு உலகம் சுற்றினால் எப்படி? மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றிய பின் ஒருதரம் முழுக்க வாசியுங்கள், மேற்கோள் குறிகளும் சில எழுத்துகளும் பிசகியிருக்கும்.

இதே மாஸ்டருக்கு அந்தப் பயணம் தந்தது கொஞ்சமல்ல. கண் மங்கல் என்று எழுத்தைக் கைவிட்டவர், 2017இல் வந்த தமிழ்க் குரல் தட்டச்சைப் பேத்தியிடம் பழகி, லா சப்பல் கடைத்தெருவில் நடந்துகொண்டே ஃபோனில் சொல்லிச் சொல்லி ஒரு பயணநூலுக்குப் பாதி எழுதிவிட்டார். பிறகு ஃபோன் ரயிலில் தொலைந்தது. குறிப்புகள் அவருடைய கூகிள் கணக்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் புது ஃபோனில் உள்ளே போகக் கேட்ட சரிபார்ப்பு இலக்கம் இலங்கைச் சிம்முக்கு வரும், அந்தச் சிம் தொலைந்த ஃபோனுக்குள். புது ஃபோன், புது நாடு என்றால் கணக்கு பூட்டிக்கொள்வது சரிதான், திருடனும் அதே வாசலால்தானே வருவான். ஊர் திரும்பி, அதே தொலைபேசி இலக்கத்தை மறுபடி எடுத்த பிறகுதான் உள்ளே போனோம்.

இந்த ஊரில், அதுவும் எழுத்தாளருக்கு, ஒற்றைப் பிரதி என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. அச்சில் வந்த உங்கள் புத்தகத்துக்கு 2005இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் திட்டத்தில் இடமுண்டு. அச்சேறாத கதைக்கு உங்களைவிட்டால் ஆளில்லை.

ஆகவே டிக்கெட் போட்ட அன்றே செய்யுங்கள். இருபடிச் சரிபார்ப்பைப் போட்டிருந்தால், கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எட்டு இலக்கத்தில் பத்துக் காப்புக் குறியீடுகள் தரும். சிம் இல்லாமலே உள்ளே போக அவை ஒரு வழி. கடதாசியில் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள், மற்றதைக் கைப்பையில் வையுங்கள், ஃபோன் உறைக்குள் செருகாதீர்கள். இலங்கைச் சிம்முக்கு றோமிங்கை இங்கே நின்றே போடுங்கள். வெளிநாட்டில் வட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள், அதற்கும் அதே சிம்முக்குத்தான் சரிபார்ப்பு இலக்கம் வரும். அங்கத்தைய சிம்மைப் போட்டாலும் வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே வேலை செய்யும், மாற்றத் தேவையில்லை. வாடிக்கையாளர்களோடு கதைத்தது எல்லாம் உங்கள் ஃபோனில்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். காப்புப் பிரதி போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டில் அது உங்கள் கூகிள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள்தான் ஏறும், இடம் நிறைந்தால் நின்றுவிடும். கடைசியாக எந்தத் திகதியில் ஏறியது என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு பிரதி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில், வீட்டு அலுமாரியில். அதை உங்களோடு கொண்டு போகாதீர்கள்.

எப்படிச் செய்வதென்று தெரியாவிட்டால் வாருங்கள், காசு வேண்டாம், பக்கத்தில் இருந்து காட்டித் தருகிறேன். பலாலி விமானநிலையத்துக்குப் போகிற வழியில் வானை நிறுத்திவிட்டு மட்டும் வராதீர்கள். பத்துப் பதினைந்து ஜிபி படம் மேலே ஏறவே எங்கள் இணைப்பில் ஓர் இரவு பிடிக்கும்.