சிவந்த குண்டும் நனைந்த அடைப்பும்

“பழைய போர்களில் இரும்புக் குண்டைச் சிவக்கக் காய்ச்சிப் பீரங்கியில் இட்டுச் சுட்டார்கள் என்கிறார்களே, குழாய்க்குள் இருக்கும் வெடிமருந்து அந்தக் கணமே வெடித்துவிடாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். வெடிமருந்து ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும். காய்ச்சிய குண்டோ 800 டிகிரியை நெருங்கும். 1782 செப்டம்பர் 13 அன்று ஜிப்ரால்டரில் நடந்த சண்டையில் இதற்கான விடையும், அதைவிடச் சுவையான இன்னொரு விடையும் இருக்கின்றன.

மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலில் உள்ள அந்தப் பிரித்தானியத் துறைமுகத்தை ஸ்பெயின் 1779 ஜூன் முதல் பிரான்சின் துணையோடு முற்றுகையிட்டிருந்தது. பட்டினி போட்டும் பணியவைக்க முடியாததால், பிரெஞ்சுப் பொறியாளர் தார்சோனின் திட்டப்படி பழைய கப்பல்கள் பத்து, மிதக்கும் பீரங்கித் தளங்களாக மாற்றப்பட்டன. நகரை நோக்கிய பக்கத்தில் பச்சை மரம், தக்கை, தோல் ஆகியவற்றால் அடுக்கிய தடித்த சுவர். மேலே சரிவான கூரை. சுவரை ஈரமாக வைத்திருக்க நீரேற்றிகளும் குழாய்களும். சாதாரணக் குண்டுகளால் அந்தச் சுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. நண்பகல் வாக்கில் ஆளுநர் ஜார்ஜ் எலியட்டின் வீரர்கள் சிவந்த குண்டுகளுக்கு மாறினார்கள். உலைகள் போதாதபோது, இடிந்த வீடுகளின் மூலைகளில் குண்டுகளைக் குவித்துத் தீ மூட்டினார்கள். அவற்றுக்குச் ‘சுட்ட உருளைக்கிழங்கு’ என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள்.

பீரங்கிக் குழாய்க்குள் முதலில் மருந்து, அதன்மேல் கயிறு, துணி போன்றவற்றைத் திரட்டித் திணித்த உலர்ந்த அடைப்பு, அதன்மேல் நீரில் ஊறிய அடைப்பு அல்லது களிமண், கடைசியில் குண்டு. ‘24 பவுண்டு’ பீரங்கியின் குண்டு ஏறத்தாழ 11 கிலோ எடையும் 14 சென்டிமீட்டர் விட்டமும் கொண்டது. காய்ச்சினால் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடும் என்றாலும், குழாயில் அதைவிட அதிகமான இடைவெளி விடப்பட்டிருப்பதால் சிக்கிக்கொள்ளாது. ஊறிய அடைப்பில் நீர் மிஞ்சியிருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, ஏனெனில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டுமே 2,260 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. குண்டைத் தொடும் பக்கம் கருகினாலும் ஈரத்தின் எல்லை மெதுவாகவே பின்வாங்கும், அதற்குள் சுட்டுவிடலாம்.

அப்படியானால் அதே நீர் கப்பல்களை ஏன் காக்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஒரு குண்டில் உள்ள வெப்பம் முழுவதையும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் ஆவியாகி உறிஞ்சிவிடும். ஆனால் அந்த இரண்டு லிட்டரும் குண்டைத் தொட வேண்டுமே! சுவருக்குள் ஆழமாகப் புதைந்த குண்டின் பின்னே மரநார்கள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. குண்டைச் சுற்றியுள்ள மரம் கரியாகிறது. கரி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள் என்பதால், தானே உண்டாக்கிய கரிப்போர்வைக்குள் குண்டு மணிக்கணக்கில் சூடு ஆறாமல் கிடக்கிறது. அங்கே ஆக்சிஜன் போதாததால் சுடர் எழுவதில்லை. மண்ணால் மூடிய கரிமூட்டத்தில் நடப்பதைப் போல, மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிட்டபடி உள்ளுக்குள்ளேயே கனன்று பரவுகிறது. கனல் ஏதாவதொரு மரப்பொருத்தை எட்டிக் காற்றைச் சந்திக்கும்போதுதான் தீ வெளிப்படும். வெளிச்சுவரில் எவ்வளவு நீரை ஊற்றினாலும் இந்தக் கனலுக்குச் சேதி போய்ச் சேராது. பிற்பகலில் வெறும் புகையாகத் தெரிந்தது நள்ளிரவுக்குப் பிறகு பெருந்தீயாக மாறியதற்கு இந்தத் தாமதமே காரணம்.

தார்சோனின் நீர்க்குழாய் ஏற்பாடு எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. அதைச் செப்பனிடப் போதிய அவகாசமும் தரப்படவில்லை. நிதி குறைந்தால் சோதனை ஓட்டங்களையே முதலில் வெட்டும் இன்றைய ஆய்வு நிர்வாகங்களைப் பார்த்தபின், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோட்டையிலிருந்து அன்று சுடப்பட்ட 8,300-க்கும் மேற்பட்ட குண்டுகளில் பாதிக்கும் மேல் காய்ச்சியவை. மறுநாள் முடிவதற்குள் பத்துக் கப்பல்களும் எரிந்தோ வெடித்தோ அழிந்திருந்தன. முற்றுகை 1783 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. கடலோரக் கோட்டைகளில் குண்டு காய்ச்சும் உலைகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தன. பிறகு வந்த இரும்புக் கவசக் கப்பல்களில் குண்டு புதையவும் இடமில்லை, கனன்று பரவ மரமும் இல்லை என்பதால் அந்த உலைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.