ஊடுருவலா, உவரேற்றமா?

கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு கிணற்றருகே 'கடல்நீர் ஊடுருவல் கண்காணிப்பு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஆரு மக்கா ஊடுருவினது? போலீசு வருமா?" கேரள எல்லையும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

கடல்நீர் நிலத்தடி நன்னீருக்குள் புகுவதை ஆங்கிலத்தில் இன்ட்ரூஷன் என்பார்கள்; அதைத்தான் ஊடுருவல் என்று பெயர்த்திருக்கிறார்கள். இன்ட்ரூஷன் லத்தீன் வழி வந்த சொல். உள்ளே தள்ளிப் புகுதல் என்று பொருள். அது கிடக்கட்டும். ஊடுருவுவது என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவது. அம்பு ஊடுருவும், எக்ஸ்ரே ஊடுருவும். கடல்நீரோ நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். அதனால் அடியில் ஆப்புபோலக் கிடக்கும். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் உண்டு என்பது கணக்கு. மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை இறைத்துவிட்டால் உப்பு அடியிலிருந்து ஏறிவரும். இதில் உருவுவது எங்கே?

இன்னொரு கூத்து. மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கும் பாடநூல்களில் ஊடுருவல்தான். ஆக, "மழைநீர் ஊடுருவல் கூடினால் கடல்நீர் ஊடுருவல் குறையும்" என்று எழுத வேண்டியிருக்கும். எது நல்ல ஊடுருவல், எது கெட்ட ஊடுருவல்? மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியில் முதலில் கண்ணில் படுவது போதும்; கிணற்றங்கரையில் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

கேட்டிருந்தால் "கிணத்துல உப்பு ஏறிட்டு" என்று சொல்லியிருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 'ஓரு கேறி' என்பார்கள். ஓரு வேறு யாருமில்லை, நம் உவர்தான். கடலுக்கே உவரி என்று பெயருண்டு. திருநெல்வேலிக் கரையில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. அதனால் உவரேற்றம் என்கிறேன். நண்பர் ஒருவர் 'உட்புகல்' என்றார். புகல் என்றதும் எனக்கு அகதி முகாம்தான் நினைவுக்கு வருகிறது.

"உவரேற்றத்தில் கடலைக் காணோமே" என்றும் அவர் மடக்கினார். சரி, கண்காணிப்பவர் எதை அளக்கிறார்? மின்கடத்துதிறனையும் குளோரைடையும். அதாவது உப்பைத்தான், கடலை அல்ல. குடிநீருக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம். கடல்நீரில் சுமார் 19,000. ஏறிய உப்பு கடலுடையதா, மண்ணுடையதா என்பது நன்னீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட்டோடு குளோரைடை ஒப்பிட்டு விகிதம் பார்த்த பிறகே புலப்படும். உறுதியானதும் 'கடல் உவரேற்றம்' என்று எழுதிக்கொள்ளட்டும்.