பெர்லின்ல பொறந்த நீலம், ஜப்பான் அலை, நம்ம வீட்டுச் சுவரு

ஹால் சுவரு வெறிச்சுன்னு கெடக்கேன்னு ஜப்பான் ஓவியர் ஹொக்குசாயோட அந்தப் பெரிய அலை படத்தோட பிரிண்ட் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன். போன்ல பாத்தப்போ அப்படி ஒரு ஆழமான நீலம், வீட்டுக்கு வந்து பிரிச்சு மாட்டுனா துவைச்சு துவைச்சு வெளுத்துப்போன ஜீன்ஸ் மாதிரி இருக்கு. ஏமாத்திட்டாங்கன்னு ரெண்டு நாள் புலம்பிட்டு அப்புறம் இதப்பத்தி தேடிப் படிச்சா, தப்பு பாதி அச்சுல, மீதி என் வீட்டு பல்புல.

முதல்ல அந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம், ஏன்னா அது ஜப்பான் சரக்கே இல்ல. 1700-கள் ஆரம்பத்துல பெர்லின்ல டீஸ்பாக்னு ஒருத்தர் சிவப்புச் சாயம் காய்ச்சப் போனாரு, அவர் போட்ட பொட்டாஷ்ல (ஒரு வகை சாம்பல் உப்பு) ஏற்கெனவே விலங்கு எண்ணெய் கலந்திருந்ததால சிவப்புக்கு பதிலா நீலம் வந்து நின்னுச்சு. அதான் பிரஷ்யன் நீலம். அது நாகசாகி துறைமுகம் வழியா ஜப்பானுக்குப் போய், 1820-கள் கடைசியில விலை எறங்கினதும் மரப்பலகைல படம் அச்சடிக்குறவங்க எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க. அவங்க வச்ச பேரு பெரோ-ஐ, அதாவது பெர்லின் அவுரி. அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட இருந்தது அவுரி நீலமும் ஒரு பூவோட சாறும்தான், அந்தப் பூச்சாறு தண்ணி பட்டாலும் வெயில் பட்டாலும் போயிடும். ஹொக்குசாய் ஃபூஜி மலையை வச்சுப் போட்ட பட வரிசை (நம்ம அலையும் அதுல ஒண்ணு) 1830 வாக்குல வந்ததுக்கும் இந்த நீலம் மலிவானதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அலைப் படத்துல பாருங்க, வெளிக்கோடுகூட கறுப்பு மசி இல்ல, அதுவும் நீலம்தான்.

அது ஏன் அவ்வளவு ஆழமா தெரியுதுன்னா, அதுக்குள்ள இரும்பு ரெண்டு விதமா உக்காந்திருக்கு, ஒண்ணுகிட்ட எலக்ட்ரான் ஒண்ணு கூட, இன்னொண்ணுகிட்ட ஒண்ணு கம்மி, நடுவுல சயனைடு பாலம் மாதிரி நிக்குது. (சயனைடுன்னதும் பதற வேணாம், இரும்பு அதை இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கு, தாலியம் விஷம் ஏறுனவங்களுக்கு இந்த நீலத்தையே மருந்தா குடுப்பாங்க.) ஒரு இரும்புலேர்ந்து இன்னொண்ணுக்கு எலக்ட்ரான் தாவ எவ்வளவு சக்தி வேணுமோ அது சரியா சிவப்பு வெளிச்சத்துல இருக்கு, அதனால விழுற வெளிச்சத்துல சிவப்பை அது முழுங்கிடும், மிச்சம் நீலமா நம்ம கண்ணுக்கு வரும்.

இனி அச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியா ஒரு செர்ரி மரப்பலகை செதுக்கி, தண்ணில கரைச்ச வண்ணத்தையும் அரிசிக் கஞ்சிப் பசையையும் பிரஷ்ல தடவி, ஈரமான மல்பெரி நார்க் காகிதத்தை மேல வச்சு, பின்பக்கத்துலேர்ந்து பாரென்ங்கிற வட்டக் கருவியால கையால தேய்ப்பாங்க. மெஷின் எதுவும் கெடையாது. வண்ணம் காகிதத்து மேல படியாம நாருக்குள்ள எறங்கிடும். வானம் மேல அடர்த்தியா ஆரம்பிச்சு கீழ வெளுக்குதுல்ல, அது பொகாஷி, பலகையை ஈரமாக்கி ஒரு ஓரத்துல மட்டும் வண்ணம் விட்டு இழுக்குறது. ஒவ்வொரு தாளுக்கும் திரும்பத் திரும்ப பண்ணணும்.

நம்ம வாங்குற சாதா போஸ்டர்ல நடக்குறது வேற. சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மையோட பொடிப்பொடி புள்ளி, போன் கேமராவ கிட்ட கொண்டுபோய் ஜூம் பண்ணா தெரியும். ஆழ நீலத்தை சையானும் மெஜந்தாவும் சேந்துதான் உண்டாக்கணும், அந்தக் கலவைக்கு எட்டாத நீலங்கள் நெறைய இருக்கு, ஸ்க்ரீன்ல தெரியுறது தாள்ல வராம போறதும் இதனாலதான். பொகாஷி வானம் புள்ளி புள்ளியா பிரிஞ்சு மணல் தூவுன மாதிரி ஆயிடும். பளபள தாள்னா ஜன்னலோட பிம்பமும் அலை மேலயே ஏறிக்கும். பளபளப்பில்லாத கனமான தாள்ல பிக்மென்ட் மை (சாயம் கரைக்காம நுண்ணிய வண்ணப்பொடி கலந்த மை) போட்ட இன்க்ஜெட் பிரிண்ட் எவ்வளவோ மேல். இன்னும் ஆசைன்னா டோக்கியோல அடாச்சி நிறுவனம் இப்பவும் புதுசா பலகை செதுக்கி கையாலயே அச்சடிக்குது, விலையப் பாத்துட்டு நான் மூடிட்டேன். சைஸும் ஒரு விஷயம், அசல் கிட்டத்தட்ட 25-க்கு 37 சென்டிமீட்டர்தான், ஏ3 தாளை விட சின்னது, கையில வச்சுப் பாக்க அடிச்சது. அதை சோபாவுக்கு மேல நாலடிக்கு இழுத்தா கோடெல்லாம் தடிச்சு அசிங்கமா இருக்கும்னு நான் நெனைக்குறேன்.

என் ஹால்ல இருந்தது 2700 கெல்வின் மஞ்சள் பல்பு (கெல்வின் எண் கம்மியா இருந்தா வெளிச்சம் மஞ்சளா இருக்கும், கூடினா வெள்ளையாகும்). அதோட வெளிச்சத்துல நீலம் ரொம்ப கம்மி, திருப்பி அனுப்ப நீலமே வரலைன்னா எந்த நீலமும் மங்கி சாம்பலாத்தான் தெரியும். 4000 கெல்வின் பல்பு போட்டதும் அலைக்கு உயிர் வந்துச்சு.

வெயில்தான் பெரிய எதிரி. அசல் பிரதிகள் பலதுல வானத்து மேகத்துல இருந்த இளஞ்சிவப்பு வெளுத்தே போச்சு. மியூசியத்துல இந்த மாதிரி படத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) வெளிச்சம்தான் விடுவாங்க, நேரடி வெயில் 1 லட்சம் லக்ஸ், கணக்குப் போட்டா ஒரு மணி நேர வெயில் 2000 மணி நேர மியூசியத்துக்குச் சமம். யூவி (புற ஊதாக் கதிர்) தடுக்குற கண்ணாடி உதவும், ஆனா சாதா வெளிச்சமும் வண்ணத்தை உடைக்கும்ங்கறதால முழுசா நம்பாதீங்க. பிரஷ்யன் நீலத்துக்கு ஒரு வினோத குணம் இருக்கு, வெளிச்சத்துல வெளுத்தது இருட்டுல காத்து பட்டா கொஞ்சம் திரும்பி வரும். போஸ்டர் மைக்கு அந்த பாக்கியம் இல்ல, அதுல மெஜந்தாவும் மஞ்சளும் முதல்ல போய் சையான் மட்டும் தங்கும், சலூன் கண்ணாடில ஒட்டுன பழைய ஹேர்ஸ்டைல் படமெல்லாம் நீலமா கெடக்குதே, அதேதான்.

நான் இப்போ ஜன்னல் இருக்குற சுவத்துலயே, ஜன்னலுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன், வெயில் அங்க நேரா விழாது. நடுவுல ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி வைக்குற அட்டை) வச்சு கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட்டாச்சு, இல்லன்னா மழைக்காலத்துல ஈரம் கோத்து தாள் கண்ணாடியோடவே ஒட்டிக்கும். ஃப்ரேம் போட்டவரு பிரிண்டை விட ரெண்டு மடங்கு காசு வாங்கிட்டாரு.