கிரிமினாலஜி படித்தால் எஸ்.ஐ. ஆகலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி இந்தக் கேள்விதான். "சார், பையன் கிரிமினாலஜிதான் படிப்பேங்கிறான். படிச்சா எஸ்.ஐ. ஆயிரலாமா?"

ஆகலாம். தமிழ் இலக்கியம் படித்தவரும் ஆகலாம். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். ரத்தக்கறை, டி.என்.ஏ. என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்கு உரியது தடய அறிவியல். அதற்கு வேதியியலோ உயிரியலோ வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் செமஸ்டரிலேயே முகம் வாடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை ஆளை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் கதி என்ன? இதுதான் கிரிமினாலஜி, தமிழில் குற்றவியல். சமூகவியல், உளவியல், சட்டம் மூன்றும் கலந்தது. மதுரைப் பிள்ளைகளுக்குப் பக்கம் என்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அங்கே இதற்குத் தனித் துறையே உண்டு.

பாடத்தில் லொம்ப்ரோசோ வருவார். தாடையையும் காதையும் அளந்து 'பிறவிக் குற்றவாளி'யைக் கண்டுபிடிக்கலாம் என்று 1876-இல் புத்தகம் போட்ட இத்தாலி மருத்துவர். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டேன். அப்புறம் உசிலம்பட்டிப் பக்கம் கள ஆய்வுக்குப் போனோம். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார், மோர் கொடுத்தார். ஒப்புதல் படிவத்தையும் மைப்பெட்டியையும் எடுத்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "ரேகை மட்டும் கேக்காதய்யா. எங்கப்பன் வச்சது போதும்."

குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு இந்தப் பக்கத்துப் பேர் ரேகைச் சட்டம். 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குற்றமும் செய்யாதவரும் பிறந்த சாதிக்காக ரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் கண்பார்வையில் படுக்க வேண்டும். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் இங்கே ஒழிந்தது 1947-இல். பாட்டியிடம் நாங்கள் ரேகை வாங்கவில்லை.

இப்போது நான் நன்னடத்தை அலுவலர், அதாவது புரொபேஷன் ஆபீசர். 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதபட்சத்தில், எடுத்த எடுப்பில் ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. எங்கள் அறிக்கையை நீதிமன்றம் பார்க்க வேண்டும். இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. இடங்களும் குறைவுதான், மறைப்பானேன். ஒவ்வொரு அறிவிப்பிலும் என்ன பட்டம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

போன மாதம் ஒரு பைக் திருட்டு. பையனுக்கு 19 வயது, ஒர்க்‌ஷாப் வேலை. வீட்டில் விசாரித்தேன், தெருவில் விசாரித்தேன். கடைசியாக ஒர்க்‌ஷாப். முதலாளி செயின் ஸ்பிராக்கெட்டைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். வெகுநேரம் பதிலே இல்லை.

"பெட்டிச் சாவியக் குடுக்க மாட்டேன்," என்றார். "வேலைக்கு வரச் சொல்லுங்க சார்."

இரண்டையும் அப்படியே அறிக்கையில் எழுதினேன்.