ஆசிரியர்கள் சம்பளம் பேச வருமுன் பள்ளி நிர்வாகம் எடுத்து வைக்க வேண்டியவை

பொங்கல் கழிந்து பொதுத்தேர்வு வேலை சூடுபிடிக்கும் சமயத்தில்தான் தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து தாளாளரைப் பார்க்கப் போவார்கள். “சார், வர்ற ஜூன்லயாவது சம்பளம் ஏத்திக் குடுங்க” என்பதுதான் பேச்சின் தொடக்கம். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று பழைய வட ஆற்காட்டுப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கணக்கும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலையும் பார்த்துவருகிறேன். அந்தச் சமயத்தில் நிர்வாகக் குழுவினர் என்னிடம் கேட்பது, “எவ்வளவு ஏத்தலாம்?” நான் திருப்பிக் கேட்பது, “இப்போது எவ்வளவு கொடுக்கிறீர்கள்?”

இந்தக் கேள்விக்குப் பல பள்ளிகளில் ஒரே பதில் கிடைப்பதில்லை. சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகை, வங்கிக்குப் போவது ஒரு தொகை, பி.எஃப். கணக்கில் காட்டியது வேறொன்று, கட்டண நிர்ணயக் குழுவுக்குக் கொடுத்த தாளில் இன்னொன்று. இந்த நாலும் ஒத்துப்போகாத வரை எந்தப் பள்ளியும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசத் தயாராக இல்லை என்பதே என் கருத்து. நான் சொல்வது சுயநிதிப் பள்ளிகளைப் பற்றி. அரசு உதவி பெறும் பணியிடங்களுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வருவதால் அங்கே பேச்சு வேறு.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு டீச்சரின் பாஸ்புக்கைப் பார்த்தேன். மாதாமாதம் முதல் வாரத்தில் 22,000 ரூபாய் வரவு, மறுநாளே ஏ.டி.எம்.மில் 7,000 எடுப்பு. வரிசையாக எல்லாப் பக்கத்திலும் அப்படியே. அந்த ஏழாயிரம் கவரில் போட்டு ஆபீஸ் ரூமுக்குத் திரும்பிப் போகும் பணம். இப்படிச் செய்யும் நிர்வாகத்தினர் இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் தங்களுக்கு எதிரான ஆதாரத்தைத் தாங்களே மாதந்தோறும் ஆசிரியர் கையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். படித்துப் பட்டம் வாங்கிய ஒரு பெண்ணை, தன் உழைப்புக் கூலியைக் கவரில் வைத்துத் திருப்பித் தரச் சொல்வது கொடுமை. முதலில் அதை நிறுத்துங்கள், பேச்சுவார்த்தை அப்புறம்.

சம்பளத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டும் பள்ளிகளுக்கும் நஷ்டம்தான். தமிழ்நாடு பள்ளிகள் கட்டண வசூல் ஒழுங்குமுறைச் சட்டம் 2009-இல் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு மூன்றாண்டுகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பள்ளியின் செலவைப் பார்த்துத்தான் அந்தக் கட்டணம். எந்தப் பள்ளியிலும் பெரிய செலவு சம்பளம்தான். அதைக் குறைத்து எழுதினால் கட்டணமும் குறைவாகத்தான் நிர்ணயமாகும், பிறகு ஆசிரியரிடம் “கமிட்டி கட்டணம் ஏத்தல, நாங்க என்ன செய்ய?” என்று கேட்பதில் நியாயமில்லை. அந்தக் குழுவுக்கு அடுத்த மனு எப்போது போடவேண்டும் என்று பார்த்து, கொடுக்கப்போகும் சம்பள உயர்வை அந்தக் கணக்கிலேயே கொண்டுவர வேண்டும்.

சட்டத்தைப் பற்றி நம் ஊர் நிர்வாகிகளிடையே ஒரு அரைகுறைச் செய்தி உலவுகிறது: “வாத்தியாருக்கு லேபர் சட்டம் கிடையாது.” 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதோடு கதை முடியவில்லை. பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் 2009-இல் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களுக்கும் உண்டு என்றானது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போட்ட வழக்கை 2022-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பி.எஃப். விஷயத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் அலவன்ஸும் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று 2019-இல் வந்த தீர்ப்பில் ஒரு தரப்பே ஒரு பள்ளிதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்காகும். பேசிக்கை 8,000 என்று வைத்து மீதியை அலவன்ஸ் தலைப்புகளில் பிரித்துப் போடும் பழைய வித்தை இனி எடுபடாது.

“இஷ்டம் இருந்தா இருக்கட்டும், இல்லன்னா போகட்டும்” என்பதும் பதில் ஆகாது. ஆசிரியரை நீக்கக் கல்வித்துறையின் முன் அனுமதி வேண்டும் என்பது 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. அதன் இடத்தில் வந்த 2018-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2023-இல் விதிகளும் வந்துவிட்டன. வேலூர், வாணியம்பாடிப் பக்கம் சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் நிறைய. இதில் எந்தெந்தப் பகுதி தங்களுக்குப் பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி உயர்வுக் கணக்கு. 18,000 ரூபாய் வாங்கும் ஆசிரியருக்கு 2,000 ஏற்றுகிறோம், பள்ளியில் 40 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் போடும் கணக்கு, மாதம் 80,000, ஆண்டுக்கு 9,60,000. பி.எஃப். 15,000 ரூபாய்ச் சம்பள வரம்புக்கு மட்டும் கட்டினால் பள்ளியின் பங்கு 1,800 அப்படியே நிற்கும். இ.எஸ்.ஐ.யில் பள்ளியின் பங்கு 3.25 சதவீதம், அதனால் ஆளுக்கு 65 ரூபாய் கூடும், ஆண்டுக்கு 31,200. பணிக்கொடை ஓர் ஆண்டு சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து. அதன்படி இந்த ஆண்டுக்கு மட்டும் 46,000 சொச்சம் சேரும். ஆக 10,37,000 ரூபாய். எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300.

எல்லோரும் தவறவிடுவது இதற்கு அடுத்த வரியை. பணிக்கொடை கடைசியாக வாங்கும் சம்பளத்தை வைத்து முழு சர்வீஸுக்கும் கணக்கிடப்படுகிறது. இன்று ஏற்றும் 2,000, பழைய ஆண்டுகள் அத்தனைக்கும் பின்னோக்கிப் பாயும். பதினைந்து வருடம் சர்வீஸ் உள்ள ஒருவருக்கு அதனால் மட்டும் 17,300 ரூபாய் கூடுகிறது. நாற்பது பேருக்கும் சராசரி பத்து வருடம் என்றால் 4,60,000 ரூபாய் புதுக் கடன். இதைக் காரணமாகச் சொல்லி உயர்வை மறுக்கச் சொல்லவில்லை. எல்.ஐ.சி. குழுப் பணிக்கொடைத் திட்டம் போன்ற ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவந்தால் தாங்கக்கூடிய தொகைதான். கணக்கு முன்னாலேயே மேசையில் இருந்தால், மனம் நெகிழ்ந்து ஒத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்து கைவிரிக்கும் நிலை வராது.

இன்னொரு விஷயம் ஆசிரியர்கள் பக்கமிருந்து பார்க்க வேண்டியது. இ.எஸ்.ஐ.யில் இருப்பதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000. இருபதாயிரத்து ஐந்நூறு வாங்குபவருக்கு ஆயிரம் ஏற்றினால், நடப்பு ஆறுமாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்துவிடுவார். மாதம் 154 ரூபாய் பிடித்தத்தில் குடும்பத்துக்கே கிடைத்துவந்த வைத்தியம் போய்விடும். அந்த இடத்தில் இருப்பவர்களைத் தனியே எழுதி, குழுக் காப்பீடு எடுத்துத் தரலாமா என்று யோசித்து வையுங்கள். இதை நிர்வாகமே முதலில் எடுத்துச் சொன்னால் ஆசிரியர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் மட்டும்தான் பேச்சு என்று நினைத்துப் போகாதீர்கள். மே மாதச் சம்பளம் இல்லை என்பதுதான் நம் பக்கத்தில் ஆழமான மனக்குறை. அதே மே மாதம் அட்மிஷன் கேன்வாஸுக்கு வெயிலில் வீடு வீடாக அலையவிடுகிறார்கள். வேலை வாங்கினால் கூலி உண்டு. இதில் பேரமே பேசக்கூடாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்தால், கூட்டத்துக்கு முன்பே கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். வராத ஆசிரியரின் பீரியடை யார் பார்ப்பது, லீவுக்கு எவ்வளவு பிடிப்பது, பேறுகால விடுப்பு என்றெல்லாம் வரும். 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் என்பதை மேசையில் உட்காரும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள, எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. யார் பாஸ், யார் இல்லை என்ற பட்டியலை மிரட்டக் கொண்டுபோகாதீர்கள். படிக்க நேரம், தேர்வுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று கொடுக்கவேண்டிய இடம் அது.

நிர்வாகக் கமிட்டியில் எத்தனை பேர் இருந்தாலும் பேசுவது ஒருவரோ இருவரோதான் இருக்கவேண்டும். அதிகபட்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானமாக எழுதி அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள். தாளாளர் ஒன்று சொல்ல, அவர் தம்பி செயலாளர் வராண்டாவில் வேறொன்று சொல்லி முறிந்துபோன பேச்சுகள் உண்டு. ஹெச்.எம்.மை எதிர்ப்பக்கம் உட்கார வைக்காதீர்கள். மறுநாள் அவர் அதே ஸ்டாஃப் ரூமுக்குள் போகவேண்டும். தோல் தொழிற்சாலைக்கும் பீடி சுற்றவும் போகும் பெற்றோர்கள் கட்டணத்தைத் தவணையாகத்தான் கட்டுகிறார்கள், ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) வழியாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கான பணம் அரசிடமிருந்து தாமதமாக வருகிறது என்றால், நிலுவைக் கணக்கை அச்செடுத்து ஆசிரியர்களிடமே காட்டுங்கள். “கஷ்டம்” என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மாதவாரி வரவு செலவைப் பார்த்துவிட்டு, “சரி சார், பாதியை ஜூன்ல குடுங்க, மீதியை அக்டோபர்ல குடுங்க” என்று அவர்களே வழி சொன்ன பள்ளி ஒன்று ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது.

ஒத்துக்கொண்டதை அன்றைக்கே தமிழில் எழுதுங்கள். எந்த மாதத்திலிருந்து, எந்தத் தேதிக்குள் வங்கியில் வரவு, மே உட்படப் பன்னிரண்டு மாதம், பணிக்கொடை, அடுத்த உயர்வு எப்போது பேசுவது. பள்ளிக் குழுவின் தீர்மானமாக நிறைவேற்றி, ஒவ்வொரு ஆசிரியருக்கும் திருத்திய நியமன ஆணையும் மாதாந்தரச் சம்பளச் சீட்டும் கொடுங்கள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குள் அந்த ஆணை கைக்குப் போய்விட்டால், ஜூன் மாதம் எந்த வகுப்புக்கு யார் வருவார்கள் என்ற பட்டியலை ஹெச்.எம். ஏப்ரலிலேயே போட்டுவிடலாம்.