காட்டேஜ் பெயரில் மோசடியா? நீலகிரி தொழில்காரர்கள் புகார் தரும் வழி

சீசனில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ் நடத்துபவர்களைக் குறிவைக்கும் பழகிய வித்தை ஒன்று உண்டு. ரூம் கேட்டு போன் வரும். முன்பணம் 4,000 ரூபாய். “கை தவறி 40,000 போட்டுவிட்டேன், 36,000-ஐத் திருப்பி அனுப்புங்கள்” என்பார்கள். வங்கி அனுப்பியது போலவே எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும், ஆனால் சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து. அனுப்பிவிட்டுக் கணக்கைப் பார்த்தால் அந்த 40,000 வரவே இல்லை.

உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் உதவி எண்ணை அழையுங்கள். நேரில் புகார் எழுதித் தர கூடலூரிலோ பந்தலூரிலோ பஸ் ஏறினால், ஊட்டி சைபர் கிரைம் காவல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் பணம் பல கணக்கு தாண்டியிருக்கும். 1930-இல் பதியும் விவரம் வங்கிகளுக்கு நேரடியாகப் போகிறது. பணம் எந்தக் கணக்கில் கிடக்கிறதோ அந்த வங்கி அதை நிறுத்திவைக்கும். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்திவைக்க எதுவும் இருக்காது.

அழைக்கும்போது கணக்கு எண், தொகை, தேதி, நேரம், யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் உரிய தனி எண்) ஆகியவை கையில் இருக்க வேண்டும். பலர் தடுமாறுவது யுடிஆரில்தான். யுபிஐ என்றால் அது 12 இலக்கம். ஆப்பில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும் ஐடி வேறு. மோசடிக்காரர் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் உள்ள எண்ணும் உதவாது. உங்கள் கணக்கிலிருந்து போன பணத்தின் யுடிஆர்தான் வேண்டும். மூன்று தவணையாக அனுப்பியிருந்தால் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் முழு விவரத்தையும் நிரப்புங்கள். சம்பவ விவரம் குறைந்தது 200 எழுத்துக்குறிகள் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சிறப்புக் குறியீடுகளை ஏற்காது என்பதால், மோசடிக்காரரின் யுபிஐ ஐடியைச் சந்தேக நபர் பகுதியில் எழுதுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எண்ணை பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ பாருங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடினால் இரண்டாவது மோசடியில் விழ வாய்ப்புண்டு.

உங்கள் காட்டேஜ் பெயரில் யாரோ போலித் தளம் வைத்து சுற்றுலாப் பயணிகளிடம் வசூலித்தால்? பணம் இழந்தவர் அவர், ஆகவே 1930-ஐ அவர்தான் அழைக்க வேண்டும். ஆனால் நமக்கென்ன என்று உரிமையாளர் இருந்துவிடக் கூடாது. அதே தளத்தில் ‘மற்ற சைபர் குற்றங்கள்’ பிரிவில் உங்கள் புகார் தனியாகப் போகட்டும். ஆள்மாறாட்ட மோசடி தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வரும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. போலித் தளத்தின் முழு முகவரி, அதிலுள்ள போன் எண், பணம் வாங்கும் யுபிஐ ஐடி மூன்றும் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

ஆன்லைன் புகார் தானாக எஃப்ஐஆர் ஆகிவிடாது. இன்சூரன்ஸ் போன்றவற்றுக்கு எஃப்ஐஆர் நகல் கேட்பார்கள். ஊட்டி நிலையத்துக்குப் போகும்போது புகார் எண், வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, கூட்டு நிறுவனமானால் லெட்டர்ஹெட்டில் அதிகாரக் கடிதம் எடுத்துப்போங்கள். எல்லை காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினால், எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் (சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் பதியும் எஃப்ஐஆர்) பதியலாம் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். நகல் இலவசம். கொடைக்கானல்காரர்களுக்கு இதே வேலை திண்டுக்கல் மாவட்டக் காவல்துறையிடம்.

தேயிலை ஃபேக்டரியின் பில்லிங் கம்ப்யூட்டர் ரான்சம்வேரால் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டப்பட்டால் கதை வேறு. நெட் கேபிளைப் பிடுங்குங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், தடயம் அதிலேதான் இருக்கிறது. காவல்துறைப் புகாரோடு, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவின்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். இலவச எண் 1800-11-4949.