யுஎஸ்பி லேன் அடாப்டருக்குள் என்ன நடக்கிறது?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். அலுவலகத்தில் கொடுத்த புதிய மடிக்கணினியில் லேன் கேபிள் செருகும் துளையே இல்லை என்பதால், யுஎஸ்பியில் மாட்டும் கிகாபிட் லேன் அடாப்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். இணைப்பின் வேகம் நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது 125 மெகாபைட், என்றே விண்டோஸ் காட்டுகிறது. ஆனால் பக்கத்து அறை சர்வரிலிருந்து பிரிண்ட் டிசைன் கோப்புகளை நகலெடுக்கும்போது நொடிக்கு 38 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. பழைய கணினியில், அதே கேபிளில், 100 மெகாபைட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அடாப்டர் போலியா, அல்லது யுஎஸ்பி வழியாக வந்தாலே வேகம் குறைந்துவிடுமா என்பது அவர் கேள்வி.

அடாப்டர் போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர் எழுதிய 38 என்ற எண்ணே காரணத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்தச் சிறிய பெட்டிக்குள் போக வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல் இது ஒரு முனையின் வடிவத்தை இன்னொரு முனைக்கு ஏற்ப மாற்றித் தரும் பொருள் அன்று. அதற்குள் முழுமையான நெட்வொர்க் கார்டு ஒன்று இருக்கிறது. கேபிள் பக்கத்தில், மின்தொடர்பைத் துண்டித்துக் குறிகையை மட்டும் காந்தப்புலத்தின் வழியே கடத்தும் நுண்ணிய டிரான்ஸ்ஃபார்மர்கள். அதற்கு அடுத்து, அந்தக் குறிகையைப் பிட்டுகளாக்கி, பிழை சோதித்து, தன் 48 பிட் முகவரிக்கு வந்ததையும் எல்லோருக்கும் பொதுவாக வந்ததையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் சில்லு. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8153, ஆசிக்ஸின் ஏஎக்ஸ்88179 போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இதுவரை கணினியின் உள்ளேயே இருக்கும் லேன் கார்டு செய்கிற வேலைதான். அதே சில்லு யுஎஸ்பியிடமும் பேசியாக வேண்டும் என்பதில்தான் சிக்கலும் அழகும் தொடங்குகின்றன, ஏனெனில் இரண்டு பக்கங்களின் பேச்சு ஒழுங்கும் நேர் எதிரானது.

லேன் கேபிளில் நடக்கும் பேச்சின் ஒழுங்கான ஈதர்நெட், 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கியது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியது இருந்தால் எந்தக் கருவியும் தானே பேசத் தொடங்கலாம் என்பது அதன் அடிப்படை. யுஎஸ்பி அப்படியில்லை. பரோடாவில் பொறியியல் படித்து இன்டெலுக்குப் போன அஜய் பட்டின் குழு முக்கியப் பங்காற்றி, 1996-இல் வெளிவந்த அந்தத் தரநிலையில், விசைப்பலகையையும் மவுஸையும் மலிவாகச் செய்ய முடிய வேண்டும் என்பதற்காக முழுப் பொறுப்பும் கணினியிடமே வைக்கப்பட்டது. கணினி கேட்டால் மட்டுமே கருவி பதில் சொல்லலாம். யுஎஸ்பி 2.0-இல் கணினி "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறது, இல்லையென்றால் கருவி "இப்போதைக்கு இல்லை" என்ற குறிப்பை அனுப்பிவிட்டு மௌனமாகிறது, கணினி மறுபடியும் கேட்கிறது. கேபிளில் யாரும் பேசாத நேரத்திலும் இந்த விசாரிப்பு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடந்துகொண்டே இருக்கிறது.

பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் மும்முனை மின்சாரம் வருகிற நேரம் ஒன்றாகவும் பயிருக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரம் வேறாகவும் இருப்பதால், கிணற்று நீரை ஏற்றி வைத்துக்கொள்ளத் தொட்டி கட்டியிருப்பார்கள். அடாப்டரின் சில்லுக்குள்ளும் அப்படியொரு தொட்டி உண்டு. கேபிளில் எப்போது தரவு வந்தாலும் சிறிய நினைவகம் ஒன்றில் அது வரிசையாகச் சேர்கிறது. கணினி கேட்கும்போது அதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

எடுத்துக் கொடுக்கும் விதம்தான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஈதர்நெட்டில் தரவு ஃபிரேம் எனப்படும் கட்டுகளாக வருகிறது. முழு அளவு ஃபிரேம் ஒன்று, சோதனைக் குறியீட்டை நீக்கிய பிறகு, 1514 பைட். ஆனால் யுஎஸ்பி 2.0-இன் பெருந்தரவுப் பாதையில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 512 பைட் மட்டுமே. ஆகவே ஃபிரேமைத் துண்டுகளாக்கி அனுப்ப வேண்டும். அப்படியானால் எந்தத் துண்டோடு ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஃபிரேமின் முன்பும் அதன் நீளத்தை எழுதி அனுப்பலாம். சில சில்லுகள் அப்படித்தான் செய்கின்றன. ஈசிஎம் எனப்படும் பொதுத் தரநிலையோ எதையுமே கூடுதலாக எழுதுவதில்லை. 1514 பைட்டை 512, 512, 490 என்று மூன்றாகப் பிரித்து அனுப்புகிறது. 512 நிறைந்த பாக்கெட் வந்தால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கணினி எடுத்துக்கொள்கிறது. 512-க்குக் குறைவாக ஒன்று வந்தவுடன் ஃபிரேம் முடிந்தது என்று அறிகிறது. பாக்கெட் நிறையாமல் வருவதே முற்றுப்புள்ளியாகிறது.

ஃபிரேமின் நீளம் சரியாக 1024 பைட்டாக அமைந்துவிட்டால்? இரண்டு பாக்கெட்டுகளும் நிறைந்தே வரும். முடிந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. அந்த நேரத்தில் அடாப்டர் மூன்றாவதாக ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது, அதற்குள் ஒரு பைட் தரவுகூட இல்லாமல். தரவு எதுவும் இல்லாத அந்தப் பாக்கெட்டுக்கு "முடிந்தது" என்பதைச் சொல்லும் வேலை மட்டும் இருக்கிறது. கூடுதல் சொல் ஒன்றும் சேர்க்காமல், இருக்கிற விதியின் ஓரத்தையே மொழியாக்கிக்கொண்ட இந்தச் சிக்கனத்தைப் பொறியியலின் உயர்ந்த பண்புகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இனி வாசகரின் கணக்குக்கு வருவோம். யுஎஸ்பி 2.0 நேரத்தை 125 மைக்ரோ நொடிகளாகப் பிரிக்கிறது. ஒரு நொடிக்கு 8000 கூறுகள். ஒரு கூறில் அதிகபட்சம் 13 முழுப் பாக்கெட்டுகளே அடங்கும். ஃபிரேம் ஒன்றுக்கு மூன்று பாக்கெட் என்றால், நான்கு ஃபிரேமுக்குச் சற்று மேல்தான் போகும். கிகாபிட் கேபிளிலோ அதே 125 மைக்ரோ நொடியில் முழு அளவு ஃபிரேம்கள் சுமார் பத்து வர முடியும். பத்து வந்து நான்கு வெளியேறினால், சில பத்து கிலோபைட் மட்டுமே கொள்ளும் அந்த நினைவகம் ஏறத்தாழ ஒரு மில்லி நொடிக்குள்ளேயே நிரம்பிவிடும். பிறகு அடாப்டர், கேபிளின் மறுமுனையில் கணினிகளை இணைக்கும் பெட்டியான சுவிட்சிடம் சற்று நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் வருவதைக் கைவிட, அனுப்பும் கணினி அதை உணர்ந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 13-ஐ 512-ஆலும் 8000-ஆலும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 53 மெகாபைட். இது காகிதக் கணக்கின் உச்சம். நடைமுறையில் 35 முதல் 40 வரை கிடைப்பது இயல்பு. விண்டோஸ் காட்டும் 1000 மெகாபிட், அடாப்டருக்கும் சுவிட்சுக்கும் இடையிலான வேகம் மட்டுமே. அடாப்டருக்கும் கணினிக்கும் இடையில் என்ன ஓடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ஆக, வாசகரின் அடாப்டர் யுஎஸ்பி 2.0 வேகத்தில் இயங்குகிறது. அதை மாட்டியிருக்கும் துளையை உற்றுப் பார்க்கட்டும். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0-இன் அகலமான துளையில், நான்கு பழைய தொடுமுனைகளோடு மேலும் ஐந்து தொடுமுனைகள் இருக்கும்; நடுவிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். அடாப்டரின் முனையிலும் அந்த ஐந்து இருக்க வேண்டும். மிக மெதுவாகச் செருகினால் பழைய நான்கு முதலில் தொட்டு, கணினி அதை 2.0 கருவியாகவே பதிந்துகொள்வதும் உண்டு. கழற்றி ஒரே வீச்சில் செருகினால் சரியாகும். டைப்-சி துளைக்காக இடையில் மலிவு மாற்றி ஒன்றை மாட்டியிருந்தால், அதில் 2.0-க்கான கம்பிகள் மட்டுமே இருக்கக்கூடும். யுஎஸ்பி 3.0-இல் பாக்கெட் 1024 பைட்டாகப் பெரிதானதோடு விசாரிப்பு முறையும் மாறியது: "இப்போது இல்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கணினி கேட்பதை நிறுத்திக்கொள்ளும், தரவு வந்ததும் அடாப்டரே "தயார்" என்று தெரிவிக்கலாம்.

இந்தப் பேச்சை நம் மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோவையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருந்தும், நெட்வொர்க் பாடம், அதன் வேலைகளை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் படத்தை மனப்பாடம் செய்வதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. யுஎஸ்பி வழியே போவதைப் பதிவுசெய்யும் லினக்ஸின் யுஎஸ்பிமான் வசதியையும், அதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளையும் செலவில்லாமல் பயன்படுத்தி, யுஎஸ்பி வழியாக வந்த தொகுதியும் ஈதர்நெட் ஃபிரேமும் ஒரே பைட்டுகள்தாம் என்று காட்டிவிடலாம். ஆனால் கம்பியில் ஓடும் ஒவ்வொரு "இல்லை"யையும் அந்த வெற்றுப் பாக்கெட்டையும் காண வன்பொருள் பகுப்பாய்வி வேண்டும். புதிய கட்டடங்களுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு சிறு பங்கு இத்தகைய கருவிகளுக்கும் கிடைத்தாக வேண்டும்.

துளையை மாற்றிய பிறகு வாசகருக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் வர வேண்டும். அடாப்டர் கைக்குச் சூடாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கிகாபிட் வேகத்தில் நான்கு இணைக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வதால் சில்லு சூடாவது இயல்பே. அப்படியும் வேகம் ஏறவில்லையென்றால், மடிக்கணினியை விட்டுவிட்டு, சர்வரில் இருக்கும் ஹார்டு டிஸ்க் எவ்வளவு வேகத்தில் படித்துத் தருகிறது என்பதை அடுத்துச் சோதிக்கலாம்.